ஊட்டி ஏறுவது சுலபம், கஷ்டமெல்லாம் மேலேதான்

சைக்கிளில் நீலகிரி சுற்றிவிட்டு வந்தேன் என்று யாரிடம் சொன்னாலும் கேட்பது ஒன்றுதான்: "அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் எப்படி ஏறுனீங்க?" அதற்கு ஏன் இவ்வளவு பயம் என்று எனக்குப் புரிவதே இல்லை. சாலை செங்குத்தாக ஏறக் கூடாது என்றுதானே வளைவையே போட்டு வைத்திருக்கிறார்கள்! சின்ன கியரைப் போட்டுவிட்டு, பேசிக்கொண்டே மிதித்தால் அது பாட்டுக்கு ஏறிவிடும். மேலே போய்ச் சேர்ந்த பிறகு வருகிறது பாருங்கள், கோத்தகிரி-ஊட்டி, ஊட்டி-எமரால்டு, குந்தா-மஞ்சூர் என்று, அதுதான் ஆளைச் சாய்ப்பது. அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஏற்றத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சென்னைக்காரர்கள் நீலகிரி எக்ஸ்பிரஸில் சைக்கிளை லக்கேஜ் வேனில் போட்டுவிட்டு ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மேலே போக இரண்டு பிரதான சாலைகள். கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர் போவது ஒன்று, 14 கொண்டை ஊசி வளைவு, டூரிஸ்ட் வேனும் லாரியும் முக்கால்வாசி அதில்தான். குஞ்சப்பனை, அரவேணு வழியாகக் கோத்தகிரி போவது இன்னொன்று. சைக்கிளுக்கு இரண்டாவதுதான், யோசிக்கவே வேண்டாம். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800-ஐ ஒட்டி, நடுவில் 33 கிலோமீட்டர். ஆரம்பத்தில் வரும் சமதளத்தைக் கழித்தால் நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் சொச்சம் ஏற்றம், அதுவும் பெரும்பாலும் ஒரே சீராக. காலை வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டால், ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் ஆறு ஆறரை டிகிரி குறைந்துகொண்டே போகும், அரவேணு வரும்போது வியர்வையே குளிரும்.

கியர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பக்கத்திலேயே கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலைப் பாருங்கள், 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்பதால் தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டம் போட்டு, அதைப் பிடித்துத்தான் இன்ஜின் மேலே போகிறது. ரயிலுக்கே பல் தேவைப்படும் இடத்தில் நமக்கென்ன கௌரவம்? செயின் ஓடும் பல் சக்கரங்களில், முன்னால் இருக்கும் சின்னதன் பல் எண்ணிக்கையும் பின்னால் இருக்கும் பெரியதன் பல் எண்ணிக்கையும் சமமாகவாவது இருக்க வேண்டும், 34-க்கு 34 மாதிரி. பை கட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்றால் பின்னால் இன்னும் பெரிதாக.

சரி, கோத்தகிரி வந்தாயிற்று. ஊட்டி இன்னும் முப்பது கிலோமீட்டருக்குள்தான், உயரம் 2,240 மீட்டர், ஆக 450 மீட்டர் ஏறினால் போதும் என்று ஒரு கணக்கு மனசில் ஓடும். அந்தக் கணக்கு அங்கே செல்லாது. கட்டபெட்டு தாண்டி, இறங்கி ஏறி, இறங்கி ஏறி, தொட்டபெட்டா மலையின் தோளில் ஊட்டியைவிட உயரமாகப் போய், அப்புறம்தான் ஊருக்குள் இறங்குகிறது சாலை. மேலே இருப்பது மேஜை மாதிரி தட்டையான நிலம் இல்லை. நாலாபக்கமும் ஓடை அறுத்துப்போட்ட பூமி. மலைப்பாதை போட்டவர்கள் சரிவோடு சரிவாக அளந்து போட்டார்கள். மேலே உள்ள கிளைச் சாலைகள் ஒரு ஹட்டியையும் (படுகர்களின் சிற்றூர்) அடுத்த ஹட்டியையும் இணைக்கப் போட்டவை, நேராக ஓடைப் பாலத்துக்கு இறங்கும், பாலம் முடிந்த கையோடு நிமிர்ந்து நிற்கும். சம்பாதித்த உயரத்தையெல்லாம் ரெண்டு நிமிஷத்தில் செலவழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

குந்தா பக்கம் இது உச்சம். ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா, இத்தலார் வழியாக எமரால்டு, அங்கிருந்து குந்தா பாலம், மஞ்சூர். அந்தப் பள்ளத்தாக்குகளின் ஆழத்தை நம்பித்தானே கனடா நாட்டு உதவியோடு அங்கே குந்தா நீர்மின் திட்டத்தையே கட்டினார்கள். தண்ணீர் விழ விழ மின்சாரம், நமக்கு விழுந்த அளவுக்கு மறுபடி மிதி. குந்தா பாலத்திலிருந்து மஞ்சூர் ஏறும்போது தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, பஸ்ஸு வருமே?" என்றார். கேலி இல்லை, நிஜமான அக்கறை. "வரட்டும்மா, டயர் தேஞ்சுட்டா ஏறிக்கிறேன்" என்றேன். பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு அடுத்த வளைவு வரைக்கும் கேட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டால், பாலாடா பக்கம் விடிகாலையில் போய்ப் பாருங்கள் என்பேன். கேரட் கழுவும் இடங்கள் ரோட்டோரமே இருக்கின்றன. இருட்டு பிரியாத நேரத்தில் பிடுங்கிய கேரட் மண்ணோடு மூட்டை மூட்டையாக வந்து சுழலும் பெரிய உருளைக்குள் விழும், தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், கொஞ்ச நேரத்தில் மறுமுனையில் தோல் உரிந்த மாதிரி பளபளவென்று வந்து குவியும். பிடித்துச் சாக்கில் போடும் கைகள் குளிரில் கேரட்டைவிடச் சிவந்திருக்கும். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரி பக்கத்திலேயே காத்து நிற்கும். கேட்காமலேயே ரெண்டு கேரட்டைக் கையில் திணித்தார் ஒரு அண்ணன். பல் கூசும் அளவுக்குக் குளிர்ச்சி, அவ்வளவு இனிப்பு. காரில் போகிறவர்கள் இதற்கெல்லாம் கண்ணாடியை இறக்கக்கூட மாட்டார்கள்.

சில நடைமுறை விஷயங்கள். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, அதனால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். சைக்கிளிலேயே இரண்டு மூன்று பாட்டில் மாட்டிக்கொண்டு, சாலையோரம் இருக்கும் வாட்டர் ஏடிஎம்மிலும் டீக்கடையிலும் நிரப்பிக்கொள்ள வேண்டும். டீக்கடை என்றால் வர்க்கி, இந்த ஊரின் மொறுமொறு பிஸ்கெட். பசிக்கும் முன்னாலேயே ரெண்டு தின்றுவிடுவது நல்லது, எமரால்டு தாண்டினால் கடை அபூர்வம். மாதம் பார்த்துப் போங்கள்: ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், அவலாஞ்சி பக்கம் மழை கொட்டும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரியும். ஏப்ரல், மே சீசனில் காருக்கு இ-பாஸ் வைத்தும் கூட்டம் குறைந்தபாடில்லை. ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி விழும், விரல் மரத்துப்போகும், ஆனால் வானம் சுத்தம். எனக்குப் பிடித்தது பிப்ரவரி.

இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். ரிம் பிரேக் என்றால் சூடேறி டியூப் வெடிக்கும் வரை போகும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவில் விட்டுவிட வேண்டும். மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, நம் பக்கத்திலேயே ஒதுங்கி வாருங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகளை இறங்கவே விடுவதில்லை, அந்த ஆசை வேண்டாம். கோத்தகிரி வழியாகவே திரும்பினால் பொழுது சாய்வதற்குள் குஞ்சப்பனையைக் கடந்துவிடுங்கள், யானை நடமாட்டம் உள்ள இடம். பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் அதைத் தேடி யானை எப்போது வேண்டுமானாலும் வரும், அப்போது அந்தப் பொழுது கணக்கையும் நம்ப வேண்டாம், மத்தியானத்துக்குள் கீழே இறங்கி, மேட்டுப்பாளையத்தில் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.