இடது பக்கத்துக் குழாய்

குரங்குகளின் சினைப்பை ரத்தத்தில் ஹார்மோன் அளக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, இரண்டு சினைப்பைகளும் வேலையைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். பாடப்புத்தகப் படம் அப்படித்தானே இருக்கும்!

என் வேலை இதுதான்: மயக்கத்தில் இருக்கும் ரீசஸ் குரங்கின் வயிற்றைத் திறந்து, இரண்டு சினைப்பைச் சிரைகளிலிருந்தும் மருத்துவர் எடுத்துத் தரும் ரத்தத்தை வாங்கி, குழாயில் 'இ', 'வ' என்று எழுதி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, பிரிந்துவரும் தெளிந்த நீரான சீரத்தை ஃப்ரீசரில் வைப்பது. கைச் சிரையிலிருந்தும் ஒரு குழாய் வரும். அப்புறம் கதிரியக்க அயோடின் 125 சேர்த்து, ரேடியோ இம்யூனோ அஸ்ஸே என்ற முறையில், சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோனான எஸ்ட்ராடயாலை அளப்போம். எல்லாம் பிகோகிராம் கணக்கு, அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பிப்பெட் பிடித்த கை கொஞ்சம் நடுங்கினால் அன்றைய உழைப்பு போச்சு.

முதல் தொகுதியில் ஒரு பக்கம் மற்றதைவிடப் பல மடங்கு அதிகம். நான்தான் எதையோ சொதப்பிவிட்டேன் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் திரும்பவும் அளந்தேன். அதே எண்கள். கூட வேலை செய்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை முட்டை அந்தப் பக்கம், அவ்வளவுதான்" என்று போய்விட்டார். ஏறக்குறைய 28 நாள் சுழற்சியில் முதல் வாரம் முடியும்போதே ஒரு முட்டைக்குமிழ் முந்திக்கொள்கிறது, பிறகு ஹார்மோனில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. கைச் சிரை ரத்தத்தை மட்டும் பார்த்தால் எந்தப் பக்கம் என்று கடைசிவரை தெரியாது.

சில மாதம் கழித்து, வயிற்றைத் திறக்காமல் தொடைச் சிரை வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இடது பக்க எண்கள் வரிசையாகக் குறைந்தன, அல்ட்ராசவுண்டில் இடது குமிழ் நன்றாகப் பெருத்துத் தெரிந்த குரங்குக்கும் கூட. எல்லோரும் என் எழுத்தைத்தான் சந்தேகித்தார்கள். உண்மைக் காரணம் வேறு. வலது சினைப்பைச் சிரை நேராகக் கீழ்ப் பெருஞ்சிரையில் சேருகிறது, இடதோ மனிதர்களைப் போலவே சிறுநீரகச் சிரையில் போய்ச் சேருகிறது. கதீட்டரின் முனை அங்கேயே நின்றுவிட்டிருந்தது. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது, அந்த வெள்ளத்தில் சினைப்பையின் சொட்டு ரத்தம் எங்கே தெரியும்? அந்தத் தொகுதி முழுக்க வீண். எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ஒரு பக்கம் ஜெயித்தது மறுபக்கத்துக்கு எப்படித் தெரிகிறது? பக்கத்து வீட்டுக்குச் செய்தி சொல்ல ஊரையே சுற்றி வருகிற மாதிரிதான். எஸ்ட்ராடயால் இதயம் வழியாக மூளைக்கும் அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கும் போய், குமிழ்களை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோனின் சுரப்பைக் குறைக்கிறது, மற்ற குமிழ்கள் இரண்டு பக்கமும் பட்டினியில் சுருங்கிவிடுகின்றன. செம்மறி ஆட்டில் கதை வேறு. அங்கே கருப்பை சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சிரையிலிருந்து ஒட்டிக்கிடக்கும் தமனிக்குக் கசிந்து, அதே பக்கச் சினைப்பையின் கார்ப்பஸ் லூட்டியத்தை, அதாவது முட்டை வெளியேறிய பிறகு குமிழ் மாறி உருவாகும் சுரப்பியை, அழிக்கிறது. கருப்பையை எடுத்துவிட்டால் ஆட்டில் அது மாதக்கணக்கில் நீடிக்கும். குரங்கில் எடுத்தாலும் உரிய நாளில்தான் அடங்கும்.

ஜெயித்த குமிழைச் சுட்டு அழித்துப் பார்த்தவர்கள், 1970களிலேயே, அடுத்த குமிழ் உடனே அந்த இடத்துக்கு வந்துவிடும் என்று எதிர்பார்த்திருக்கலாம். வரவில்லை. சுமார் இரண்டு வாரம் ஆகிறது, ஏனென்றால் தயாராகக் காத்திருக்கும் மாற்று ஆள் என்று எந்தப் பக்கத்திலும் யாருமில்லை.