வீட்டுக்காரர் வீட்டிலேயே இருக்க வேண்டும்

சென்னை ராயபுரத்தில் தங்கும் அறைகள் நடத்துகிறோம் என்று சொன்னால், "அங்கே யார் வந்து தங்குவார்கள்?" என்ற கேள்விதான் முதலில் வரும். துறைமுகத்தில் வேலையாக வருபவர்கள் வருகிறார்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்திருப்பவர்கள், பழைய கட்டடங்களை அளந்து வரைய வரும் மாணவர்கள், பாட்டி பிறந்த தெருவைத் தேடி வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அடையாறில் போய்த் தங்கினால் இவர்கள் யாருக்கும் காரியம் ஆகாது.

வீடு என் மாமனாருடைய தாத்தா கட்டியது. திண்ணை, முற்றம், பர்மா தேக்குத் தூண்கள், மாடியில் பூட்டியே கிடந்த மூன்று அறைகள். மாமனார் போன பிறகு பங்காளிகளுக்குள் பேசி, வீட்டை அத்தை, அதாவது என் மாமியார் பெயருக்கு எழுதிக்கொடுத்தார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று வந்த தரகர்களுக்கு அத்தை மோர் கொடுத்து அனுப்பிவைப்பார். அதற்கு மேல் பேச்சு நகராது.

வீட்டு அறைகளைக் காலை உணவோடு விருந்தினருக்கு விடும் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் பதிவு செய்யலாம் என்று முடிவு செய்தோம். ஓர் அறையிலிருந்து ஆறு அறைகள் வரை விடலாம். பன்னிரண்டு படுக்கைகளுக்கு மேல் கூடாது. வெள்ளி, தங்கம் என இரண்டு பிரிவுகள். இவற்றையெல்லாம் விட முக்கியமான நிபந்தனை, உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது. படித்துக் காட்டியபோது அத்தை, "நான் எங்கே போகப்போகிறேன்?" என்று கேட்டார். இந்த ஒரு நிபந்தனைதான் லாட்ஜிலிருந்து எங்களைப் பிரிக்கிறது என்பது எனக்குப் போகப்போகத்தான் விளங்கியது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் பத்திரம் ஒன்றில் தாத்தாவின் இனிஷியல் வேறாக இருந்தது. ஓர் அலுவலகத்தில் அந்த ஓர் எழுத்துக்காக மேசை மேசையாக அலையவிட்டார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே கோப்பு நகர்ந்தது. அதை முதல் நாளே கேட்டிருந்தால் கொடுத்திருப்போம்.

உண்மையான வேலை மாடியில் இருந்தது. ஐப்பசி மழையில் நடு அறையின் மூலையில் ஈரம் இறங்கியிருந்தது. எங்களுடையது மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களை நிறுத்திவைத்துக் குறுக்குவாட்டில் பரப்பி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, தட்டோடு பதித்த கூரை. கேட்ட ஒப்பந்தக்காரர்கள் எல்லாரும் சிமெண்ட் பூசச் சொன்னார்கள். வயதான மேஸ்திரி ஒருவர் மட்டும் ஏணி வைத்து ஏறி, கட்டையின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தை ஆணியால் குத்திப் பார்த்தார். "சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். மேலே சிமெண்டைப் போட்டு அடைத்தால் ஈரம் கட்டைக்குள்தான் போகும் அம்மா. நுனி முதலில் உளுத்துப்போகும்" என்றார். வேலையை அவரிடமே கொடுத்தோம்.

தொட்டியில் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறப்போட்டார்கள். வீடு முழுக்கப் புளித்த வாடை. ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பிய பிறகு பெண்கள் வரிசையாகக் குந்தி, கையில் தட்டைப் பலகையுடன், அந்தத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடித்தார்கள். பலகை பட்டு எழும்பித் திரும்பி வரும் வரை அடிக்க வேண்டும். நாள் கணக்கில் அடித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தூக்கம் போகிறது என்று சண்டைக்கு வந்தார். அத்தை அவரை மாடிக்கு அழைத்துப்போய் வேலையைக் காட்டினார். அவர் வீடும் அதே வயதுதான். மேஸ்திரியின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் கழிப்பறை, வெந்நீர், தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, விருந்தினர் பதிவேடு எல்லாம் பார்த்தார்கள். "உரிமையாளர் இங்கேதான் குடியிருக்கிறாரா?" என்று திண்ணையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அத்தையிடமே கேட்டார்கள். "கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். நீங்கள் யார்?" என்றார் அத்தை. வெள்ளிப் பிரிவில் பதிவு கிடைத்தது.

அறை எடுப்பவர் வெளிநாட்டவராக இருந்தால் வந்த 24 மணி நேரத்துக்குள், அவர் தங்குவதைக் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (2025 வரை சி படிவம், இப்போது படிவம் III) இணையத்தில் பதிய வேண்டும். அதற்கு முன்பே நம் வீட்டைத் தங்குமிடமாகப் பதிந்து கணக்கு வாங்கிவைத்திருப்பது அவசியம். விருந்தினர் வாசலில் நிற்கும்போது தொடங்கினால் தாமதமாகிவிடும். பாஸ்போர்ட், விசா விவரங்கள், புகைப்படம், அடுத்து எங்கே போகிறார் என்பது வரை கேட்கும். நான் கணினியில் தட்டி முடிப்பதற்குள் அத்தை அதைவிட அதிகமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்: எத்தனை குழந்தைகள், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கருவாடு சாப்பிடுவார்களா. மொழி அவருக்குத் தடையில்லை. சிலருக்கு இது பிடிக்காது. அவர்களுக்கு நான் ஓட்டல் முகவரி கொடுத்துவிடுகிறேன்.

காலை உணவு நேரத்துக்கு ஒழுங்கு கிடையாது. காசிமேட்டில் மீன் ஏலம் பார்க்க விடியுமுன்பே கிளம்புகிறவர்கள், சேறும் செதிலும் ஒட்டிய செருப்போடு பசியுடன் திரும்புவார்கள். செருப்பை வாசல் குழாயடியில் கழுவிவிட்டுத்தான் இட்லி. அடுத்து ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு, அதே நிலையத்தில் மின்சார ரயில் பிடித்துக் கடற்கரை நிலையம் போய், மாலையில் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

தங்கப் பிரிவுக்கு மாறலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதற்குக் கேட்கும் வசதிகளுக்காகச் சுவரை உடைக்க வேண்டிவரும். மேஸ்திரியும் அத்தையும் ஒன்றுசேர்ந்து மறுத்துவிட்டார்கள். இப்போதைக்கு மாடியில் மூன்று அறைகள்தான். பங்குனி, சித்திரையில் இரண்டு. மூன்றாவது, அத்தையின் வடகத்துக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும்.