ரோமில் என் பெயர் பட்ட பாடு

ரோமுக்குப் போகத் திட்டமிடும் தம்பதிகள் விமான டிக்கெட் விலையைத் தேடுவதற்கு முன் பாஸ்போர்ட்டைத் திறந்து பெயர் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன அச்சாகியிருக்கிறது, சொந்தப் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்பதை எழுத்து மாறாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் பட்ட அலைச்சலில் பாதி அந்த இரண்டு வரிகளால் வந்தது.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. என் கணவருடையதில் என் மாமனார் பெயர். திருமணப் பதிவுச் சான்றிதழிலோ என் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் சென்னையில் நாங்கள் போன விசா விண்ணப்ப மையத்தில், கவுண்டரில் இருந்த இளைஞர் அதைப் பிடித்துக்கொண்டார். பயணச் செலவு முழுவதையும் இவர் ஏற்பதாக எழுதிக் கொடுத்திருந்ததால் நாங்கள் கணவன் மனைவி என்பதற்குச் சான்று தேவை. அது நியாயம்தான். "சான்றிதழில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒருவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். இனிஷியலை விரித்தால் அப்பா பெயர் வரும் என்று பொறுமையாக விளக்கினேன். "அதை நாங்கள் முடிவு செய்ய முடியாது மேடம், அஃபிடவிட் வேண்டும்" என்று ஃபைலை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, முத்திரையிட்ட வங்கி அறிக்கை, சரியான அளவில் புகைப்படம் என்று அவர்கள் கொடுத்த பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் சரிபார்த்துக்கொண்டு போயிருந்தோம். உறுதிமொழிப் பத்திரம் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. நம் ஊர்ப் பெயர்களைத் தினமும் பார்க்கிற ஓர் இடத்தில் அதை முன்கூட்டியே எழுதி வைத்தால் என்ன? அன்றைய நாள் முழுவதும் வீண். நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சு செய்த அம்மாதான் விவரம் தெரிந்தவர். "எந்தெந்தத் தாளில் பெயர் எப்படி இருக்கிறதோ அத்தனையையும் சொல்லுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் திரும்ப வரவேண்டியிருக்கும்" என்றார். சான்றிதழில் இனிஷியல் முன்னால், வங்கிக் கணக்கில் பின்னால், பாஸ்போர்ட்டில் முழுதாக அப்பா பெயர். மூன்றையும் எழுதி, மூன்றும் ஒரே நபரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் அடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு தடங்கல் இல்லை, விசா வந்துவிட்டது.

இனிப் பெயரால் தொல்லை இருக்காது என்று நம்பித்தான் விமானம் ஏறினோம். தங்குமிடம், நுழைவுச்சீட்டு, எந்த நாளில் எந்த இடம் என்பதை எல்லாம் ஒரு சுற்றுலா முகவரிடம் ஒப்படைத்திருந்தோம். இரண்டு பாஸ்போர்ட்களின் நகலையும் வாங்கி வைத்திருந்தவர், கொலோசியம் டிக்கெட்டில் என் பெயரோடு என் கணவர் பெயரைச் சேர்த்துப் பதிந்திருந்தார். மனைவி என்றால் கணவன் பெயர்தான் பின்னால் வரும் என்று அவராகவே தீர்மானித்துக்கொண்டார் போலும். புறப்படும்போதுதான் டிக்கெட்டை அனுப்பினார். திருத்தச் சொன்னதற்கு, "அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார்.

பார்க்கிறார்கள். 2023 அக்டோபர் முதல் கொலோசியத்தின் டிக்கெட் அவரவர் பெயரில்தான். மொத்தமாக வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்பவர்களைத் தடுக்க அந்த ஏற்பாடு. வாசலில் நின்ற பெண் என் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இந்தப் பெயர் வேறு, அந்தப் பெயர் வேறு என்றார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. உள்ளே போக வேண்டிய நேரமோ டிக்கெட்டிலேயே அச்சாகியிருந்தது. இவரை மட்டும் போகலாம் என்றதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "நீ இல்லாமல் நான் எதற்குப் போகிறேன்?" என்று இவரும் அங்கேயே நின்றுவிட்டார்.

அப்போதுதான் கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது. எங்கள் பாஸ்போர்ட்டில் வீட்டு முகவரி இருக்கும் அந்தப் பக்கத்தில் கணவன் அல்லது மனைவியின் பெயரும் அச்சாகியிருக்கிறது. அதைத் திறந்து நீட்டினேன். அந்தப் பெண் அந்த வரியின் கீழே ஆள்காட்டி விரலை வைத்து, டிக்கெட்டில் உள்ள ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். பிறகு இவருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி மறுபடி ஒப்பிட்டார். முகத்தில் சிறு புன்னகை. இருவருக்கும் கதவு திறந்தது. கி.பி. 80இல் டைட்டஸ் மன்னன் திறந்து வைத்த அரங்கம் அது. அரங்கின் தளம் பெரும்பாலும் இல்லாததால் விலங்குகளையும் வீரர்களையும் அடைத்து வைத்த நிலத்தடிப் பாதைகள் வெட்டவெளியாகத் தெரிகின்றன. நெஞ்சுப் படபடப்பு அடங்கி அதை நிதானமாகப் பார்க்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

இந்த டிக்கெட்டை நீங்களே வாங்குங்கள். அதிகாரபூர்வத் தளத்தில் 30 நாட்களுக்கு முன் விற்பனைக்கு வரும். பக்கத்திலேயே இருக்கும் பழைய நகரச் சிதைவுகளான ரோமன் ஃபோரமும் பாலடைன் குன்றும் சேர்த்து 18 யூரோ. முகவர் எங்களிடம் வாங்கியது இதைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

அவருடைய கைவரிசை அத்தோடு நிற்கவில்லை. புனித பேதுரு பேராலயத்தைப் புதன்கிழமை காலையில் போட்டிருந்தார். புதன் காலை என்றால் வாடிகனில் போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் நேரம். சதுக்கம் நிறைய நாற்காலிகள், கடல் போலக் கூட்டம். பேராலயத்துக்குள் பிற்பகலில்தான் விடுவோம் என்று காவலர் சொல்லிவிட்டார். மூட்டு வலியோடு இவர் அங்கிருந்து சாந்த் ஏஞ்சலோ கோட்டை வரை நடந்து, மீண்டும் திரும்பி வந்தார். வழியில் தெருக்குழாய்கள் இல்லாவிட்டால் பாடு திண்டாட்டமாகியிருக்கும். 'நசோனி' என்று பெயர், குளிர்ந்த நல்ல தண்ணீர் ஓயாமல் கொட்டுகிறது. காசு கொடுத்துத் தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். பிற்பகலில் உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாளின் பளிங்குச் சிலை. 1972இல் ஒருவர் சுத்தியலால் தாக்கி உடைத்த பிறகு கண்ணாடிக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறார்கள். தூரத்தில் இருந்தாலும் அந்தத் தாயின் முகம் மனதைப் பிசைந்தது.

மூட்டு வலி உள்ளவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பேராலயத்தின் குவிமாடத்துக்கு லிஃப்ட் இருக்கிறது என்று சொன்னால் முழுதாக நம்பாதீர்கள், லிஃப்ட்டுக்குப் பிறகும் 320 படிகள் ஏற வேண்டும். ரோமின் புகழ்பெற்ற அகன்ற படிக்கட்டான ஸ்பானியப் படிகளில் சற்று உட்காரலாம் என்றும் எண்ணாதீர்கள். 2019 முதல் அங்கே உட்காரத் தடை. விசில் ஊதி எழுப்பிவிடுகிறார்கள், அபராதமும் உண்டு. பாந்தியன், டிரெவி நீரூற்று எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

இந்தப் பயணத்தில் எனக்கு முழு மகிழ்ச்சி கொடுத்தது போர்கேசே கலைக்கூடம். முகவரின் பட்டியலில் அது இல்லவே இல்லை. கொலோசியம் வாசலில் பட்ட சூட்டோடு அன்றிரவே நானே போனில் பதிவு செய்தேன். யாரோ ரத்து செய்த இடமாக இருக்க வேண்டும், எங்கள் அதிர்ஷ்டம் கிடைத்தது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, என் பெயர், பின்னால் என் அப்பா பெயர். இரண்டு மணி நேரம்தான் உள்ளே இருக்க விடுகிறார்கள், பைகளை ஒப்படைத்துவிட வேண்டும். அங்கே சிற்பி பெர்னினி 1622இல் தொடங்கி 1625இல் முடித்த சிலை ஒன்று இருக்கிறது. கிரேக்கப் புராணக் கதைதான்: அப்போலோ என்ற தேவன் துரத்த, டாஃப்னே என்ற பெண் மரமாக மாறிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய விரல் நுனிகளிலிருந்து இலைகள் கிளம்புகின்றன. பளிங்கா இது என்று ஐயம் வரும் அளவுக்கு மெல்லிய இலைகள். இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், மூட்டு வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

விடுதியைக் காலி செய்யும்போது கடைசி அடி. "எல்லாம் சேர்த்துத்தான்" என்று முகவர் வாங்கிய தொகையில் நகர வரி சேரவில்லை. மூன்று நட்சத்திர விடுதி என்பதால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ தனியாகக் கட்டினோம். முன்பணம் கட்டும்போதே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

டிக்கெட்டுக்கு வாங்கிய அதிகத் தொகையையும் வரியையும் திருப்பித் தரும்படி ஊர் திரும்பியதும் முகவருக்கு எழுதினேன். பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, இணையவழியிலேயே பதிவு செய்யலாம். டிக்கெட், ரசீது, அவர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை புகார் போகிறது.