பேட்ச் வெளிவரும் வரை

மார்ச் 4, செவ்வாய்

நம் வெப் சர்வரில் ஓட்டை கண்டால் எழுத வேண்டிய பாதுகாப்பு முகவரிக்கு ராத்திரி ஒரு மெயில். எழுதியவர் அதைப் பூட்டி (என்கிரிப்ட் செய்து) அனுப்பியிருந்தார். உள்ளே நாலு பத்தி விளக்கமும் ஒரு சின்னப் பைத்தான் நிரலும். சோதனை மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். சர்வர் விழுந்தது. விழுந்த நேரத்து நினைவகப் பதிவான கோர் டம்ப்பைத் திறந்தால், ஃபங்க்ஷன் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டிய முகவரி இருக்கும் எட்டு பைட்டிலும் 41, 41, 41 என்று நிற்கிறது. அவர் அனுப்பிய A எழுத்தின் ஹெக்ஸ் குறியீடு அது. அந்த முகவரியைப் பிடித்தவர் சர்வரைத் தன் இஷ்டத்துக்கு ஓட்டலாம். லாகின் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், போர்ட் திறந்திருந்தால் போதும்.

தூக்கம் வரவில்லை.

மார்ச் 5, புதன்

இடம் தெரிந்துவிட்டது. லாக் வரியைக் கோர்க்கும் ஃபங்க்ஷன். அதற்குத் தற்காலிக இடமாக 1024 பைட் பஃபர். வருகிறவர் கேட்ட பக்கத்தின் பாதை, எங்கிருந்து வந்தார், பிரவுசர் பெயர் என்று ஒவ்வொன்றாக எஸ்என்பிரிண்ட்எஃப் (கொடுத்த அளவுக்குள் எழுதும் சி ஃபங்க்ஷன்) வைத்து ஒட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் அது திருப்பித் தரும் எண்ணை, அடுத்து எழுத வேண்டிய இடத்தைக் காட்டும் பாயிண்டரோடு கூட்டுகிறது, மிச்ச இடத்திலிருந்து கழிக்கிறது. பார்க்க ஒழுங்கான நிரல் கோடு. ஸ்டிர்காப்பி, ஸ்பிரிண்ட்எஃப் என்று அளவே பார்க்காமல் எழுதி, கண்ணில் குத்துகிற எதுவும் இல்லை. இத்தனை வருஷம் எத்தனை பேர் கண் இதன் மேல் பட்டிருக்கும்!

சிக்கல் அந்த எண்ணில் இருக்கிறது. எஸ்என்பிரிண்ட்எஃப் தருவது எழுதி முடித்த பைட்டுகளின் கணக்கு என்று நினைத்து எழுதப்பட்ட கோடு இது. உண்மையில் அது சொல்வது, இடம் இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருக்கும் என்பதை. 1500 பைட் நீளத்தில் ஒரு பாதை வந்தால், 1023 பைட்டும் கடைசியில் ஒரு பூஜ்யமும் எழுதி நிறுத்திக்கொள்கிறது. அதுவரை சரி. ஆனால் 1500 என்று திருப்பித் தருகிறது. பாயிண்டர் பஃபரைத் தாண்டி 476 பைட் தள்ளிப் போய் நிற்கிறது. மிச்சம் மைனஸ் 476 ஆக வேண்டும். அந்த மாறி குறியில்லாத எண், அதற்கு மைனஸ் தெரியாது. சுற்றி வந்து எட்டாத பெரிய எண்ணாகிவிடுகிறது. அடுத்து ஒட்டப்போகும் துண்டுக்கு எல்லையே கிடையாது. எங்கே எழுத வேண்டும் என்பதைப் பாதையின் நீளம் சொல்கிறது, என்ன எழுத வேண்டும் என்பதை அடுத்த ஹெடர் (கோரிக்கையோடு வரும் தகவல் வரி) சொல்கிறது. இரண்டும் அனுப்புகிறவர் கையில்.

இதை எழுதியவர் குழுவை விட்டுப் போய் வெகுகாலம். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. திருப்பித் தருகிற எண்ணின் அர்த்தம் மேனுவலில் ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

மார்ச் 6, வியாழன்

யாரிடமும் பேச முடியாத விஷயத்தைச் சுமந்துகொண்டு வேலை பார்ப்பது கஷ்டம்.

மார்ச் 8, சனி

கேனரி இருந்தும் ஏன் சிக்கவில்லை என்று இரண்டு நாளாக மண்டையைக் குடைந்தது. இன்று தாளில் ஸ்டாக்கை (பஃபரும் திரும்பும் முகவரியும் இருக்கும் நினைவகப் பகுதி) வரைந்து பார்த்தேன், புரிந்தது. கேனரி என்பது பஃபருக்கும் திரும்பும் முகவரிக்கும் நடுவே கம்பைலர் வைக்கும் ரகசிய எண். பஃபர் வழிந்து வரிசையாக மேலே எழுதிக்கொண்டு போனால் அந்த எண் அழியும். ஃபங்க்ஷன் திரும்பும் முன் அதைச் சரிபார்த்து நிரல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நம்முடையது வழியவில்லை, தாவுகிறது. நீளத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் கேனரியைத் தொடாமலே தாண்டி நேராக முகவரியில் போய் இறங்கலாம். மெயில் எழுதியவர் அதைத்தான் செய்திருக்கிறார்.

பஃபரின் அளவைப் பார்த்துத் தடுக்கும் ஃபார்டிஃபை சோதனையும் உதவவில்லை. பஃபர் வேறொரு ஃபங்க்ஷனில் பிறந்து பாயிண்டராக இங்கே வருகிறது. அதன் அளவு இங்கே கம்பைலருக்குத் தெரியாது. கம்பைலரின் பாதுகாப்புக் கொடிகள் எல்லாம் போட்டுத்தான் கட்டியிருக்கிறோம். அதை நம்பித்தானே நிம்மதியாக இருந்தோம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்னொரு பயம். நம் சர்வர் ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபோர்க் செய்து, அதாவது தன்னையே நகலெடுத்து, பிள்ளைப் புராசஸ் விடுகிறது. தாயிடம் இருக்கும் கேனரியே எல்லாப் பிள்ளைக்கும். நினைவக அமைப்பும் அதே. ஒரு பிள்ளை செத்தால் அடுத்தது அதே ரகசியத்தோடு பிறக்கிறது. 64 பிட் மெஷினில் கேனரியின் ஒரு பைட் எப்போதும் பூஜ்யம், மீதி ஏழு. மொத்தமாக ஊகிக்க முடியாது. ஆனால் வரிசையாக வழிகிற ஓட்டை ஒன்று கிடைத்தால் ஒவ்வொரு பைட்டாக ஊகிக்கலாம்: பைட்டுக்கு அதிகபட்சம் 256, ஆக 1792 முயற்சிக்குள் முடிந்துவிடும். முகவரிகளைக் கலைத்துப்போடும் ஏஎஸ்எல்ஆரும் இதே வழியில் கரையும். சில நிமிஷ வேலை.

ஃபோர்க் செய்தபின் புதிதாக எக்ஸெக் செய்தால் (நிரலை முதலிலிருந்து ஏற்றினால்) ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு கேனரி, வேறு முகவரிகள். ஓபன்எஸ்எஸ்எச் அப்படித்தான் செய்கிறது. அடுத்த பதிப்பில் நாமும் செய்தே ஆக வேண்டும். பிள்ளைகள் ரூட் உரிமையை (மெஷினின் முழு அதிகாரத்தை) விட்டுவிட்டுத்தான் ஓடுகின்றன என்பது ஒன்றுதான் இப்போதைக்கு ஆறுதல்.

மார்ச் 11, செவ்வாய்

திருத்தத்தின் முதல் வடிவம் தயார். இனி பஃபரில் சேர்ப்பது எல்லாம் ஒரே ஃபங்க்ஷன் வழியாகத்தான். பஃபரின் மொத்தக் கொள்ளளவும் இதுவரை நிரம்பியதும் ஒரே ஸ்ட்ரக்டில் (சேர்த்துக் கட்டிய தரவில்) சேர்ந்து பயணம் செய்யும். திரும்பி வந்த எண் மைனஸாக இருந்தாலோ, மிச்ச இடத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தாலோ, "நிரம்பிவிட்டது" என்று கொடி தூக்கிவிட்டு அதற்குமேல் ஒரு பைட்டும் எழுதாது. சமம் என்பதை விட்டுவிடக் கூடாது. முடிவுப் பூஜ்யத்துக்கு ஒரு இடம் வேண்டும்.

இதே ஃபங்க்ஷனை ஃபைல் பாதை கட்டுகிற இடத்திலும் போடுகிறோம். அங்கேதான் குழுவில் வாக்குவாதம். நீளமானதை வெட்டிச் சேர்த்துவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். லாக் வரியை வெட்டலாம். ஃபைல் பாதையை வெட்டினால் அது வேறொரு ஃபைலின் பாதையாகிவிடக்கூடும். மறுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதுவும் வாசலிலேயே: ஹெடர் அளவுக்கு மேல் போனால் 431 என்ற பிழைப் பதில், பாதை அளவுக்கு மேல் போனால் 414, இணைப்பை மூடு. உள்ளே வந்தபின் இருபது இடத்தில் பார்ப்பதைவிட நுழையும்போதே ஒரு தரம் பார்ப்பது மேல். ஒரு மணி நேரம் பேசி ஒப்புக்கொண்டார்.

மார்ச் 12, புதன்

லினக்ஸ் விநியோகங்களின் பாதுகாப்புக் குழுக்களுக்கு இன்று தெரிவித்தோம். அவர்கள் எல்லோருக்குமான மூடிய மின்னஞ்சல் பட்டியலில் ரகசியம் அதிகபட்சம் 14 நாள்தான். 25-ஆம் தேதி வெளியீடு.

மார்ச் 13, வியாழன்

நினைவகத் தவறைப் பிடித்துக் கத்தும் அட்ரஸ் சானிடைசரைப் போட்டுக் கட்டி, தாறுமாறான உள்ளீடுகளை அனுப்பிச் சோதிக்கும் ஃபஸ்ஸரை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பழைய கோடில் 1030 பைட் பாதைக்கு உடனே கத்தியது. 1500-க்குச் சில நேரம் கத்தவில்லை! பஃபரைச் சுற்றி அது வைக்கும் காவல் பட்டையையும் தாண்டிப் போய் வேறொரு மாறியின் நல்ல நினைவகத்தில் இறங்கினால் அதற்கும் தெரியாது. எல்லையை ஒட்டிய நீளங்களைத் தனியாக விதையாகக் கொடுக்க வேண்டும்: 1022, 1023, 1024, 1025.

புதிய கோடில் சத்தமே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

சத்தம் வந்துவிட்டது. லாக் கோடில் இல்லை, அப்லோடு பகுதியில். வெளியிலிருந்து இரண்டு பைட் நீளம் வருகிறது. முடிவுப் பூஜ்யத்துக்காக ஒன்று கூட்டி, அதையும் 16 பிட் மாறியிலேயே வைத்து, அந்த அளவுக்கு மாலக் ஃபங்க்ஷனிடம் நினைவக இடம் கேட்கிறது. 65,535 என்று அனுப்பினால் கூட்டிய விடை பூஜ்யம். பெயருக்கு ஒரு சின்னத் துண்டு கிடைக்கிறது, அதில் 65,535 பைட்டைக் கொட்டுகிறது.

மறுபடியும் நீளம். மறுபடியும் வெளியிலிருந்து வந்த எண்ணை வைத்துக் கணக்கு.

மார்ச் 17, திங்கள்

வேலை ஓடவில்லை, பழையதையே நினைத்துக்கொண்டிருந்தேன். 1988 நவம்பர் 2. மெஷினுக்கு மெஷின் தானே பரவிய மோரிஸ் வார்ம், பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சர்வருக்குள் நுழைந்த வழி இதே வகை. 512 பைட் பஃபர், எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் கெட்ஸ் ஃபங்க்ஷன், அனுப்பியது 536 பைட். அந்த கெட்ஸை சி மொழித் தரத்திலிருந்து தூக்கியது 2011-இல்.

அதைவிட ஸ்லாமர் என்ற வார்ம்தான் என்னைப் படுத்துகிறது. 2003 ஜனவரி 25. ஒரே யுடிபி பாக்கெட், 376 பைட், போர்ட் 1434. ஆரம்பத்தில் தொற்றிய மெஷின்களின் எண்ணிக்கை 8.5 வினாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பேட்ச் அதற்கு ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில் வந்துவிட்டது. வந்து என்ன பயன்? போட வேண்டியவர்கள் போடவில்லை. நாம் 25-ஆம் தேதி வெளியிடுவது சரி. போடுவார்களா?

மார்ச் 19, புதன்

நம் சர்வரைத் தங்கள் பெட்டிகளுக்குள் வைத்து விற்கும் ஒரு நிறுவனத்துக்கு மூன்றாவது தடவை எழுதினேன். பதில் இல்லை.

மார்ச் 20, வியாழன்

திருத்தத்தோடு பதிவாகும் கமிட் செய்தியில் என்ன எழுதுவது என்று கேள்வி. "லாக் கோடைச் சீராக்கியது" என்று மட்டும் எழுதினால் தாக்குகிறவர்கள் கவனிக்க மாட்டார்கள் என்கிறார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் கோஸ்ட் என்ற ஓட்டை 2000-இல் வந்த பதிப்பிலிருந்து இருந்தது. 2013 மே மாதம் சரிசெய்தாயிற்று. ஆனால் அது பாதுகாப்புத் திருத்தம் என்று யாரும் அடையாளம் காணாததால், நீண்டகால ஆதரவுள்ள பல விநியோகங்கள் 2015 ஜனவரி வரை பழைய கோடோடு ஓடின. மறைத்து எழுதினால் கெட்டவர்கள் டிஃப்பை (மாறிய வரிகளை) பார்த்துப் புரிந்துகொள்வார்கள். ஏமாறப்போவது நிர்வாகிகள்தான்.

ஓட்டைக்கு உலகம் முழுக்கப் பொதுவான அடையாளமான சிவிஇ எண்ணோடு, எந்தெந்தப் பதிப்பு, பேட்ச் போட முடியாதவர்கள் என்ன செய்யலாம் என்று எல்லாவற்றையும் திறந்து எழுதுகிறோம்.

மார்ச் 24, திங்கள்

நாளை.

மார்ச் 25, செவ்வாய்

வெளியிட்டாயிற்று. பெரிய விநியோகங்கள் ஒரு மணி நேரத்துக்குள் பேக்கேஜ் விட்டுவிட்டார்கள். கண்டுபிடித்துச் சொன்னவருக்கு அறிவிப்பின் முதல் வரியிலேயே நன்றி. அவர் மட்டும் இந்த ஓட்டையை விற்றிருந்தால்?

சாப்பிட்டுவிட்டுப் பகலிலேயே தூங்கினேன்.

மார்ச் 27, வியாழன்

வெளியே திறந்து வைத்திருக்கும் சோதனை சர்வரின் லாக்: ஒரே முகவரியிலிருந்து 1032 பைட் பாதை. அப்புறம் 1040. அப்புறம் 1048. எட்டு எட்டாக ஏறுகிறது. பேட்ச்சைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் 414 போயிருக்கிறது. இங்கே. மற்ற இடங்களில்?

மார்ச் 28, வெள்ளி

பெட்டி விற்கும் நிறுவனத்திடமிருந்து ஒருவழியாகப் பதில். அடுத்த காலாண்டுப் புதுப்பிப்பில் சேர்ப்பார்களாம். அதுவரை விரிவான லாக்கை அணைத்து, அப்லோடையும் மூடச் சொல்லுங்கள், இரண்டு செட்டிங்தான், ஓட்டையுள்ள கோடு ஓடவே ஓடாது என்று உடனே எழுதினேன். வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தையும் நானே எழுதி இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை போனில் பேசச் சம்மதித்திருக்கிறார்கள்.