கொரியோ செலடானில் பறக்கும் கொக்குகள்
கொரியோ என்ற பழைய கொரிய அரசின் காலத்தில் செய்த, பச்சை மெருகு பூசிய மண்பாண்டமே கொரியோ செலடான். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படியொரு ஜாடியில் உள்ள கொக்கு தூரிகையால் தீட்டியதல்ல, மண்ணுக்குள் மண்ணாகப் பதித்தது. களிமண் பாதி காய்ந்த பதத்தில் உருவத்தைக் கீறி, பள்ளத்தில் வெள்ளை மண்குழம்பை நிரப்புவார்கள். கால், அலகுக்கு இரும்புச்சத்துள்ள செம்மண். சூளையில் அது கறுத்துவிடும். ஜாடியின் மண்ணும் பதித்த மண்ணும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் விளிம்பில் வெடிப்பு நிச்சயம். மெருகு பூசிச் சுடும்போது காற்று அதிகம் புகுந்தால் பச்சை போய் மஞ்சள் பழுப்பு தட்டும்.

தென்கொரியாவின் கான்சோங் அருங்காட்சியகத்தில் உள்ள 42 செ.மீ. உயர ஜாடியைப் பாருங்கள். வட்டங்களுக்குள் இருக்கும் கொக்குகள் மேலே ஏறுகின்றன, வெளியே மேகங்களுக்கிடையில் இருப்பவை கீழே இறங்குகின்றன. நீண்ட ஆயுளின் அடையாளமான பறவைக்கு எவ்வளவு அழகான வானம்! ஒரு பக்கப் புகைப்படத்தில் இதில் பாதி போய்விடும். ஜாடியைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

சியோல் தேசிய அருங்காட்சியகத்துச் செலடான் தூபக்காலைத் தாங்கும் மூன்று முயல்களின் கண்களையும் கவனியுங்கள்: இரும்பால் வைத்த கறுப்புப் புள்ளிகள்.