அனிமோன் போனது, தொட்டி பிழைத்தது

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில், கடல்நீரில் பவளமும் மீனும் வளரும் 200 லிட்டர் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். இந்த ஊர் வெப்பத்தில் தண்ணீர் தானாகவே 30 டிகிரியை எட்டிவிடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் அதை 26இல் பிடித்து வைக்கும். ஒரு நாள் பகலில், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், சில்லர் நின்றுபோனது. சூடு தாங்காமல் பபுள் டிப் அனிமோன் (பாறையில் ஒட்டி வாழும், கொட்டும் கைகளுள்ள கடல் உயிர்) பாறையை விட்டுக் கழன்று, தண்ணீரைச் சுழல வைக்கும் வேவ் பம்பின் சல்லடையில் சிக்கியிருக்கிறது. நான் வந்து பார்த்தபோது பாதி உடம்பு உள்ளே இழுபட்டு, தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கிக் கிடந்தது.

அனிமோன் சுருங்கியிருந்தாலே செத்துவிட்டது என்று எடுத்துவிடக் கூடாது. கழிவை வெளியே தள்ளும்போது அது அப்படிச் சுருங்கி, சில மணி நேரத்தில் மறுபடி விரியும். வாய் பிளந்து, தொட்டால் சதை சளியாகக் கையோடு வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். என்னுடையது அந்த நிலையில்தான் இருந்தது. பம்பை நிறுத்தி, கையுறை போட்டு, பம்போடு சேர்த்தே வெளியே எடுத்தேன். தண்ணீருக்குள் பிரித்தெடுக்கப் பார்த்தால் துணுக்குகள் இன்னும் பரவும். செத்த பிறகும் அவற்றின் கொட்டும் செல்கள் வேலை செய்யும். மிதந்தவற்றை வலையாலும் சைஃபன் குழாயாலும் எடுத்தேன்.

செத்த சதை அழுகினால் அம்மோனியா ஏறும். சோதனையில் அது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). நன்னீர்த் தொட்டிக்காரர்களுக்கு இது அவ்வளவு பயமாகத் தெரியாமல் இருக்கலாம். கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால், அதே அம்மோனியாவில் நஞ்சான பங்கு பிஎச் 7இல் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். சூடு ஏறினால் அது இன்னும் கூடும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். அதனால் முதல் வேலையாக ஏர் ஸ்டோன் போட்டு, மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பிவிட்டேன்.

அப்புறம்தான் தண்ணீர் மாற்றம். உப்புக் கரைத்த தண்ணீர் ஒரு டிரம்மில் எப்போதும் தயாராக இருக்கும். அன்று கைகொடுத்தது அதுதான். இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருப்பதால் கார்பன், ஆர்ஓ (சவ்வு வடிகட்டி), டிஐ (அயனி நீக்கும் வடிகட்டி) மூன்றையும் கடந்த தண்ணீரில்தான் உப்பைக் கரைப்பேன். வெப்பமும் உப்படர்த்தி 1.025உம் பொருந்துகிறதா என்று பார்த்து 60 லிட்டர் மாற்றினேன். வடிகட்டிகள் இருக்கும் துணைத் தொட்டியான சம்ப்பில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் பை, புதிய ஃபில்டர் பஞ்சு. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கப் கறுத்த நுரையால் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. இரவு முழுக்க மாற்றி மாற்றிக் கழுவினேன்.

அம்மோனியாவைக் கட்டும் மருந்தும் ஊற்றினேன். ஒன்றைச் சொல்ல வேண்டும்: வீட்டில் பயன்படுத்தும் பல சோதனைக் கிட்கள் கட்டப்பட்ட அம்மோனியாவையும் சேர்த்தே காட்டும். நிறம் மாறவில்லையே என்று மருந்தை மேலும் மேலும் ஊற்றிவிடக் கூடாது. நான் மீன்களின் செவுளைத்தான் பார்த்தேன். மேலே வந்து மூச்சு வாங்கிய க்ளவுன் மீன் ஜோடி விடியற்காலையில் கீழே இறங்கிவிட்டது. மறுநாள் இன்னொரு 40 லிட்டர் மாற்றினேன். அதற்கடுத்த சோதனையில் அம்மோனியா கிட்டத்தட்டப் பூஜ்யம்.

மீன்கள் தப்பித்தன. ஒரே தண்டுக்கூட்டத்தில் பல தலைகளாக வளரும் ஹேமர் பவளம்தான் என்னை மிகவும் கலங்க வைத்தது. அனிமோனின் ஒரு துணுக்கு அதன் மேல் ஒட்டியிருந்த இடத்தில் சதை வெளுத்தது. சில நாளில் அங்கே பழுப்பு நிறக் கூழ் ஒன்று திரண்டது. லேசாக ஊதினாலே நூல் நூலாகப் பிரிந்து பக்கத்துத் தலைக்குப் போனது. பம்புகளை நிறுத்திவிட்டு மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சினேன். பாதித்த தலையைத் தண்டோடு வெட்டி எடுத்து, மீதியைத் தனிப் பாத்திரத்தில் அயோடின் கலந்த கடல்நீரில் நனைத்துத் திரும்ப வைத்தேன். மூன்று தலை பிழைத்தது. ஒவ்வொரு காலையும் அவை ஊதி விரிகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்த வாரங்களில் நைட்ரேட் 25 பிபிஎம்முக்கும் பாஸ்பேட் 0.15க்கும் ஏறி, மணல் மேல் சிவப்புப் பாசி படர்ந்தது. பாறைகளை வெளியே எடுத்துத் தேய்த்துவிடலாமா என்று கை பரபரக்கும். நான் தொடவில்லை. அம்மோனியாவைத் தின்று தொட்டியைக் காப்பாற்றிய பாக்டீரியா அந்தப் பாறையில்தான் குடியிருக்கிறது. பாசியை மட்டும் வாராவாரம் சைஃபனில் எடுத்தேன், தீனியைக் குறைத்தேன். பாஸ்பேட் உறிஞ்சியை அளவில் பாதி மட்டும் போட்டேன். பாஸ்பேட் சட்டென்று இறங்கினாலும் பவளம் நோகும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது பாக்டீரியா காரத்தன்மையையும் செலவழிக்கும். என் அளவு 8.5 டிகேஎச்சிலிருந்து (காரத்தன்மையின் அலகு) 7.4க்கு வந்திருந்தது. ஒரு நாளைக்கு அரை டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாமல் மெதுவாகத் தூக்கினேன்.

இப்போது நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.05. சிவப்புப் பாசி ஒரு மூலையில் மட்டும் மிச்சம். க்ளவுன் ஜோடி அனிமோன் இல்லாமலே நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு லெதர் பவளத்தின் மடிப்பில் படுக்கிறது. இப்போதைக்குப் புது அனிமோன் வாங்கப்போவதில்லை. 28 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி தானாக ஓடவும் கைப்பேசிக்குத் தகவல் வரவும் கன்ட்ரோலர் மாட்டியாகிவிட்டது. பம்பைச் சுற்றிப் போட நெருக்கமான கண்ணியுள்ள கூண்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஓட்டம் குறையாமல் அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.