குறைந்தபட்சத் தொகை

"மினிமம் கட்டிட்டேன், இந்த மாசம் பிரச்சினை இல்ல."

சிங்கப்பூர்த் தேக்காவில், கட்டணம் கட்டும் ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தின் முன் ஓர் அண்ணன் தன் கடன்பற்று அட்டை (கிரெடிட் கார்டு) பாக்கியைப் பற்றிப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் அவ்வளவு நிம்மதி.

மனசு கேட்கவில்லை.

கடன்பற்று அட்டையில் 5,000 வெள்ளி பாக்கி, ஆண்டு வட்டி 27 விழுக்காடு என்று வையுங்கள். ஒரு மாத வட்டியே சுமார் 112 வெள்ளி. மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, அதாவது அந்த 'மினிமம்', பாக்கியில் 3 விழுக்காடு என்றால் 150. கட்டியதில் அசலுக்குப் போவது 38 வெள்ளிதான்.

அதே கடனுக்கு மாதம் 350 கட்டினால் 18 மாதத்தில் முடிந்துவிடும்.

அந்த 350, மாசக் கடைசியில் மிஞ்சாது. சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். மீதிச் சம்பளத்தை நான்காகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பங்கு மட்டும் எடுங்கள்.

திட்டம் உடைவது பெரும்பாலும் காப்பிக் காசால் அல்ல. தீபாவளி, டிசம்பரில் பள்ளிப் புத்தகம், ஊருக்கு டிக்கெட். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,800 என்றால், மாதம் 150 தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி அட்டைதான்.

பாக்கி இருக்கும்போது அந்த அட்டையைத் தேய்க்கவே வேண்டாம். வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய பொருளுக்கு அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

பல வங்கிகளில் கடன் சேர்ந்து கையை மீறிவிட்டதா? கடன் ஆலோசனை தரும், 2004 முதல் இயங்கும் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பிடம் போங்கள். தவணை தவறுவதற்கு முன்பே போங்கள்.